கொலைகார ஆட்சிக்கு ஒரு நாற்காலி

ஒரு நாட்டோட அரசாங்கம் எதுன்னு எப்படி முடிவு பண்றது? தலைநகரை யார் கையில் வைத்திருக்கிறார்களோ அவங்கதான்னு சொல்லிடுவோம். ஆனா ஐ.நா.வில் அந்த நாட்டு நாற்காலியில் வேறு ஒருத்தர் உட்கார்ந்திருந்தா? கம்போடியாவில் அதுதான் நடந்தது.

1975-ல் போல் பாட்டின் கெமர் ரூஜ் இயக்கம் அங்கே ஆட்சியைப் பிடித்தது. நாலு வருஷத்துக்குள் கொலை, பட்டினி, நோய், கட்டாய உழைப்பு என்று 15 லட்சம் பேருக்கு மேல் செத்துப்போனார்கள். 1979 ஜனவரி 7-ம் தேதி வியட்நாம் படை உள்ளே புகுந்து தலைநகர் புனோம் பென்னைப் பிடித்தது. ஹெங் சாம்ரின் தலைமையில் புது அரசு வந்தது. போல் பாட் ஆட்கள் தாய்லாந்து எல்லைக் காட்டுப்பக்கம் ஓடினார்கள்.

அதே செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு வாக்கெடுப்பு. கம்போடியாவின் இடம் யாருக்கு? போல் பாட் தரப்புக்கு ஆதரவாக 71 நாடுகள், எதிராக 35. நடுநிலை 34. ஓடிப்போன அரசே ஜெயித்தது!

ஏன்? சோவியத் ஆதரவில் இருந்த வியட்நாமை அமெரிக்காவுக்கும் சீனாவுக்கும் பிடிக்காது. அது மட்டும் இல்லை. பக்கத்து நாட்டுப் படை வந்து வைக்கிற அரசை ஏத்துக்கிட்டா, நாளைக்கு நம்ம கதி என்னன்னு சின்ன நாடுகளும் பயந்தன. இந்தப் பயத்தை நான் சாதாரணமா ஒதுக்க மாட்டேன்.

ஆனா வேற வழியும் இருந்தது. அதே மாதம் ஹவானாவில் நடந்த அணிசேரா நாடுகள் மாநாட்டில் கம்போடியாவின் இடத்தைக் காலியாகவே விட்டார்கள். 1980-ல் இந்தியா ஒருபடி மேலே போய் ஹெங் சாம்ரின் அரசையே அங்கீகரித்தது.

இது வெறும் நாற்காலிச் சண்டை இல்லைங்க. புனோம் பென் அரசுக்கு ஐ.நா. அங்கீகாரம் இல்லாததால், அவசர நிவாரணம் போனதே தவிர, ஐ.நா.வின் வளர்ச்சி உதவி போகவில்லை. பிழைத்து வந்த மக்களே அந்த விலையையும் கொடுத்தார்கள்.

1982-ல் சிஹானூக் தலைமையில் ஒரு கூட்டணி அமைந்து அந்த இடத்துக்கு வந்தது. அதில் வெளியுறவைக் கவனித்தவர் கெமர் ரூஜின் கியூ சம்பான். 2018-ல் ஐ.நா. உதவியோடு அமைந்த நீதிமன்றம் ஒன்று அவரை இனப்படுகொலைக் குற்றவாளி என்று தீர்ப்பளித்தது.

அதனால அடுத்த முறை 'அங்கீகரிக்கப்பட்ட அரசு'ன்னு செய்தியில் வந்தா, யார் அங்கீகரிச்சாங்க, எதுக்காகன்னு கேளுங்க. அந்த நாட்டு மக்கள் ஏற்றுக்கொண்டார்களா என்பது தனிக் கேள்வி.