மூன்று நோயாளிகள், ஒரே மருந்து!

காவிரிக்கரை மோகனூருக்கு வடகிழக்கே கொல்லிமலை. அங்கே போனால் 'கோரக்கர் குகை' என்று ஒன்றைக் காட்டுவார்கள். அந்தச் சித்தர் பெயரில் ஒரு மூலிகையும் உண்டு, கோரக்கர் மூலி. பயபக்தியோடு கைகூப்பிவிடாதீர்கள்... அது கஞ்சா!

சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்து, மற்ற சரக்குகளோடு சேர்த்து, அளந்து கொடுத்தார்கள். உள்ளே போன பிறகு அது என்ன செய்கிறது? கடிகாரத்தைப் பார்த்து அதைக் குறித்து வைத்தவர் ஓர் அயர்லாந்துக்காரர். கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் வில்லியம் ஓஷானசி. (பின்னாளில் இந்தியாவுக்குத் தந்தி கொண்டுவந்தவரும் இவரேதான்!)

1839-ல் அவர் வெளியிட்ட குறிப்புகளில் ஒரு காட்சி. மூட்டுவாத நோயாளிகள் மூன்று பேருக்கு, மதியம் இரண்டு மணிக்குக் கஞ்சாப் பிசின் கரைசல் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கிரெய்ன், அதாவது சுமார் 65 மில்லிகிராம். நாலு மணிக்கு ஒருவர் பாட ஆரம்பித்துவிட்டார். 'இன்னும் சாப்பாடு கொண்டா!' என்று சத்தம் வேறு. மற்ற இருவர்? ஊஹூம்! ராத்திரி எட்டு மணிக்கு டாக்டருக்கு அவசரச் சீட்டு வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாடியவர் நினைவில்லாமல் கிடக்கிறார். கையைத் தூக்கி வைத்தால் அப்படியே நிற்கிறது! இரண்டாமவருக்கும் கொஞ்ச நேரத்தில் அதே கதி. மூன்றாமவர் மட்டும் அசையவில்லை. விசாரித்தால், ஆசாமி வழக்கமாகக் கஞ்சா புகைப்பவர்!

ஒரே அளவு, மூன்று விதம். ஏன்? விடை கிடைக்க நூறு வருடத்துக்கு மேல் ஆயிற்று. 1964-ல் இஸ்ரேலின் மெச்சூலமும் கவோனியும், போதை தருவது டி.ஹெச்.சி. என்ற பொருள் என்று கண்டறிந்தார்கள். அது தண்ணீரில் கரையாது, கொழுப்பில் கரையும். வடக்கே பாங்கைப் பாலில் கலப்பது வெறும் ருசிக்காக இல்லை!

புகைத்தால் அது நுரையீரல் வழியாகச் சில நிமிடங்களில் மூளைக்குப் போய்விடும். விழுங்கினால் வயிறு, குடல், கல்லீரல் என்று நிதானமாகச் சுற்றுப்பயணம். பெரும்பகுதியைக் கல்லீரல் வேறு பொருளாக மாற்றிவிடுகிறது. 'நல்லதுதானே' என்கிறீர்களா? மாறி வருகிற அந்தப் பொருளும் போதை தருவதுதான்! மாற்றும் என்ஸைம் சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அவர்களுக்கு அதே அளவே அதிகமாகிவிடும்.

சரி, மூன்றாவது ஆசாமி? மூளை செல்களில் டி.ஹெச்.சி. போய் உட்கார 'ஏற்பிகள்' உண்டு. தினமும் கதவைத் தட்டினால் அவை எண்ணிக்கையில் குறைந்துபோகும். (அவற்றுக்காக நம் உடம்பே சுரக்கும் ஒரு பொருள் 1992-ல் தெரியவந்தது. நம்ம ஊர் 'ஆனந்தம்' என்ற சொல்லை வைத்தே அதற்கு 'ஆனந்தமைடு' என்று பெயர் சூட்டினார்கள்!) மிச்சம் உடம்புக் கொழுப்பில் தங்கி, மெல்ல மெல்லக் கசியும். வழக்கமாகப் புகைப்பவர் நிறுத்திப் பல வாரம் ஆனாலும் சிறுநீர் காட்டிக்கொடுப்பது இதனால்தான்.

பழைய கதைதானே என்று விட்டுவிடாதீர்கள். 'கஞ்சா சாக்லேட்' பிடிபட்டதாகத் தமிழ்நாட்டில் இன்றைக்கும் செய்தி வருகிறது. ஒன்றைத் தின்ற பையன் அரை மணி நேரம் பார்ப்பான். 'ஒண்ணுமே ஆகலையே' என்று இன்னொன்றைப் போடுவான். முதலாவதன் வேலையே இன்னும் முழுதாக ஆரம்பித்திருக்காது!

கல்கத்தா நோயாளிக்கு அளந்து கொடுக்கவும், ராத்திரியில் ஓடிவரவும் ஒரு டாக்டர் இருந்தார். இந்தப் பையனுக்கு?