மணிக்கு மணி: உழைப்பை மாற்றிக்கொண்டோர் வரலாறு

சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, பள்ளியிறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்ட நமக்கு வரலாறு எழுத என்ன தகுதி என்று தயங்கினோம். "உமக்குத் தெரிந்த கணக்கைப் பற்றி எழுதும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். நமக்குத் தெரிந்த கணக்கு ஒன்றே. வணிகர் ஒருவர் தமக்கு வந்த வேகனை இலவச நேரத்துக்குள் காலி செய்யாமல் நிறுத்தி வைத்தால், வேகன் ஒன்றுக்கு மணி ஒன்றுக்கு இவ்வளவு என்று டெமரேஜ் போடுவோம். மணியில் ஒரு பகுதி கழிந்தாலும் அது முழு மணியாகவே கொள்ளப்படும். இருபது ஆண்டுகளாக இவ்வாறு மணிக்கு விலை போட்டுப் பழகிய நாம், மணியையே நாணயமாக வழங்கிய சிலருடைய கதையை அண்மையில் படித்தோம். அதனையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

அண்டை வீட்டாரோடு உழைப்பை மாற்றிக்கொள்வது நம்மவர்க்குப் புதிதன்று. இன்று என் வயலில் நீ நடு, நாளை உன் வயலில் நான் நடுகிறேன் என்று கூலி பேசாமல் வேலை செய்த சிற்றுழவர் ஊர்தோறும் இருந்தனர். மொய்யும் இதற்கு உறவுடையதே. பேராவூரணி, கீரமங்கலம் பக்கங்களில் ஆடித் திங்களில் மொய் விருந்து என்றே தனியாக நடத்துவர். வாங்கியவர் தம் முறை வரும்போது சற்றுக் கூட்டித் திருப்புதல் வேண்டும். ஆயின் மொய் பணக் கணக்காதலின் அதற்கு நோட்டு உண்டு. உழைப்புக்கு எவரும் நோட்டுப் போட்டதில்லை. பாட்டன் காலந்தொட்டு ஒரே தெருவில் வாழ்ந்தவர்க்கு நினைவே போதுமானதாயிருந்தது.

மாற்றல் உத்தரவை நம்பி வாழும் இரயில்வேக்காரர்க்கு அது போதுமோ? இந்த நாகபுரிக் குடியிருப்பில் நமக்கு மேல்வீட்டிலிருந்த நண்பர் ஒருவர் நம் மகனுக்கு இரண்டாண்டுகள் கணிதம் கற்பித்தார். காசு என்ற பேச்சை எடுக்கவே விடவில்லை. பதிலுக்கு அவர் வீட்டுப் பெண்மக்களின் துணிகளை நம் துணைவியார் தைத்துக் கொடுத்தார்; மாதக் கடைசியில் இரு வீட்டுக்கும் அது பெரிய ஆறுதல். வெளியே பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருந்தால் நம் சம்பளத்தில் நல்ல துண்டு விழுந்திருக்கும். அவருக்குத் திடீரென மாற்றல் வந்தது. எத்தனை இரவிக்கை தைத்தாலும் இரண்டாண்டுக் கணிதத்துக்கு ஈடாகாது. கடன் நம் பக்கமே நின்றது. அதை யாரிடம், எங்கே, எதைக் கொண்டு தீர்ப்பது? இந்தக் கேள்வியோடுதான் நாம் மேற்சொன்ன வரலாற்றைப் படிக்கலானோம்.

நிற்க. அமெரிக்க நாட்டில் ஜோசையா வாரன் என்றொருவர் இருந்தார். பாஸ்டனில் 1798ஆம் ஆண்டு பிறந்தவர், இசைக்குழுத் தலைவர், பன்றிக் கொழுப்பால் எரியும் விளக்கொன்றைக் கண்டுபிடித்தவர். இராபர்ட் ஓவன் என்னும் பெருஞ்செல்வர், பொதுவுடைமையாக வாழலாம் வாருங்கள் என்று இந்தியானா மாநிலத்தில் 1825இல் நியூ ஹார்மனி என்ற குடியேற்றத்தை நிறுவியபோது, வாரனும் அங்குச் சென்று வாழ்ந்தார். இரண்டே ஆண்டில் அது கலைந்தது. எல்லாம் எல்லோர்க்கும் என்றால் எவர் எதற்குப் பொறுப்பு என்பது விளங்காமற் போகிறது என்பதே வாரன் அங்கே கற்ற பாடம். அவர் சின்சினாட்டி நகருக்குத் திரும்பி, 1827ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு கடை திறந்தார். மக்கள் அதனை நேரக் கடை என்றனர்.

அக்கடையின் நடைமுறை வேடிக்கையானது. சரக்குகளின் கொள்முதல் விலை எல்லோரும் காணுமாறு எழுதப்பட்டிருக்கும். வாடகை முதலியவற்றுக்காகச் சிறு விழுக்காடு அதன்மேற் சேரும். அதற்குமேல் இலாபம் என்று ஒரு காசும் இல்லை. ஆயின் கடைக்காரர் உமக்காகச் செலவிட்ட நேரம் இருக்கிறதே, அதற்கு நீர் ஈடு செய்தல் வேண்டும். கடையில் ஒரு கடிகாரம் மாட்டப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் வந்து நின்றதும் நேரம் குறிக்கப்படும். வாங்கி முடித்ததும் எத்தனை நிமிடம் என்று பார்க்கப்படும். அந்நிமிடங்களுக்குப் பணம் கொடுக்க வேண்டுவதில்லை. "வாரனுக்கு இத்தனை நிமிடத் தச்சு வேலை செய்து தரக் கடமைப்பட்டுள்ளேன்" என்ற பொருள்பட ஒரு சீட்டெழுதித் தம் கையொப்பமிட்டுக் கொடுத்தால் போதும். தையற்காரர் தையலையும், செம்மார் செருப்பு வேலையையும் இவ்வாறே எழுதித் தருவர். யார்க்கு என்ன வேலை தேவை, யார் என்ன வேலை செய்து தருவர் என்று அறிவிக்கும் பட்டியலும் கடையில் தொங்கிற்று.

பேரம் பேசுவோர்க்கு அக்கடையில் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். பேசப் பேசத் தம் கடனே ஏறும்! சீதாபர்டியில் நம் சகோதரிகள் சேலை எடுக்கும் அழகைக் கண்ட நாம், வாரன் அங்கே கடை வைத்திருந்தால் அவருடைய கடிகாரம் என்ன பாடுபட்டிருக்கும் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டோம்.

மூன்றாண்டுகள் கடை நன்கு நடந்தது. 1830இல் வாரன் தாமே அதனை மூடினார். நட்டத்தால் அன்று, தம் கொள்கை நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது, இனி இம்முறையில் ஓர் ஊரையே அமைக்கலாம் என்ற எண்ணத்தால். இலாபம் வரும் கடையை எவரேனும் மூடுவரோ என்பீர்கள். இலாபமே கூடாது என்பதுதானே அவர் கொள்கை.

இராபர்ட் ஓவனையும் மறத்தற்கில்லை. வேல்ஸ் நாட்டில் 1771இல் பிறந்து, ஸ்காட்லாந்தில் நியூ லானார்க் பஞ்சாலையைச் சிறப்புற நடத்தி, தொழிலாளர் நலத்துக்காகத் தம் பொருளை வாரி இறைத்தவர். நியூ ஹார்மனி கலைந்தபின் இங்கிலாந்து திரும்பிய அவர், 1832ஆம் ஆண்டு செப்டம்பரில் இலண்டன் கிரேஸ் இன் சாலையில் பெரிய கட்டடம் ஒன்றில் உழைப்பு மாற்று நிலையம் கண்டார். தொழிலாளர் தாம் செய்த பொருளைக் கொணர்ந்து ஒப்படைக்கலாம். மூலப்பொருளின் விலையையும் செலவான உழைப்பையும் கணக்கிட்டு, மணிக்கு ஆறு பென்ஸ் வீதம் மதித்து, இத்தனை மணி என்று அச்சிட்ட உழைப்புச் சீட்டு தருவர். அச்சீட்டைக் கொடுத்து அங்குள்ள வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க நாட்களில் சரக்குகள் மலைபோற் குவிந்தன. அக்கம்பக்கத்துக் கடைக்காரர் சிலரும் சீட்டுகளை ஏற்றனர். பர்மிங்காமிலும் 1833இல் ஒரு கிளை தோன்றிற்று.

பின்னர் நடந்ததைச் சரக்குக் கிடங்கு கண்டவர் எவரும் எளிதில் உணர்வர். நல்ல பொருள்களை முந்தியவர் எடுத்துச் சென்றனர். வெளிக்கடைகளைவிட மலிவாக மதிக்கப்பட்டவற்றை வணிகர் சீட்டுச் சேகரித்துக் கொண்டுவந்து வாரிச் சென்றனர். எவரும் விரும்பாதவை தேங்கின. தையற்காரரும் செம்மாரும் தச்சரும் வந்தனர். அவர்களுக்கு வேண்டிய ரொட்டியும் இறைச்சியும் கொணர்வார் அரியர். இடத்துக்கு உரியவரோடு வாடகைத் தகராறு முற்றி, நிலையம் 1833இல் சார்லட் தெருவுக்கு மாறிற்று. 1834இல் அடங்கிற்று.

ஓவனின் சீட்டு வீழ்ந்தது ஏன், வாரனின் சீட்டு நின்றது ஏன்? அறிஞர் பல காரணம் கூறுவர். குமாஸ்தாவாகிய நமக்குத் தோன்றுவது இது. வாரனின் சீட்டில் ஓர் ஆளின் பெயர் இருந்தது. அவர் செய்யும் தொழில் இருந்தது. அவர் அந்நகரில் இன்ன தெருவில் இருக்கிறார் என்பது கடைக்காரர்க்குத் தெரியும். அது நம் இரயில்வே இரசீது போன்றது: அனுப்பியவர் யார், பெறுபவர் யார், சரக்கு என்ன என்று எல்லாம் அதில் உண்டு. ஓவனின் சீட்டிலோ எண்ணும் நிலையத்தின் முத்திரையும் இருந்தன. அதற்கு ஈடாகக் கிடங்கில் என்ன கிடக்கிறதோ அதுவே அதன் மதிப்பு. உரிமை கோருவாரற்ற சரக்கு நிறைந்த கிடங்கின் மதிப்பு என்னவென்று நாம் ஏலத்தின்போது கண்டிருக்கிறோம்.

அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகப் பல நாடுகளில் இம்முயற்சி பற்பல பெயரில் எழுந்து மறைந்தது. அவற்றையெல்லாம் விட்டு, நம் ஆசியக் கண்டத்துப் பெண்மணி ஒருவரிடம் வருவோம்.

தெருகோ மிசுஷிமா ஜப்பானின் ஒசாகா நகரில் 1920இல் பிறந்தவர். தையலில் வல்லவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கடைகளில் உணவுப் பொருள் கிடைப்பது அரிதாயிற்று. அம்மையார் தையல் வேலை செய்து கொடுத்து, பதிலுக்குக் காய்கறி பெற்றுக் குடும்பத்தைக் காத்தார். போர் முடிந்தபின் யென்னின் மதிப்புச் சரிந்து, பணம் சேர்த்து வைத்தவர் பாடு திண்டாட்டமாயிற்று. பணம் தேயும், ஊசி பிடிக்கும் கை ஒரு மணியில் செய்யும் வேலை தேயாது என்பதை அவர் கண்ணாரக் கண்டார். 1950இல் செய்தித்தாள் ஒன்று நடத்திய கட்டுரைப் போட்டிக்கு இக்கருத்தை எழுதியனுப்பிப் பரிசு பெற்றார். ஆயினும் அது நடைமுறைக்கு வர இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. 1973இல்தான் ஒசாகாவில் தொண்டு உழைப்பு வங்கி என்னும் அமைப்பைத் தோற்றுவித்தார்.

உறுப்பினருள் பெரும்பாலோர் இல்லத்தரசியர். அண்மையில் வாழ்வோர் சிறு சிறு குழுக்களாகச் சேர்ந்தனர். ஒரு மணி உழைத்தவர்க்கு ஒரு மணி வரவு. எந்த வேலையாயினும் மணி மணியே. பிள்ளைகள் வளர்ந்து ஓய்வு கிடைக்கும் பருவத்தில் மணிகளைச் சேர்த்து வைத்து, நோயுற்றபோதோ முதுமையிலோ எடுத்துக்கொள்ளலாம் என்பது அம்மையாரின் திட்டம். ஓவன் பொருள்களைக் கிடங்கில் சேர்த்தார். இவர் பொருளைத் தொடவேயில்லை. சமைத்தல், தைத்தல், நோயாளியருகே இருத்தல் ஆகிய இவை எவ்வாறு கிடங்கில் தேங்கும்?

எல்லா மணியும் ஒன்றே என்பது நம்மில் பலர்க்கு உறுத்தும். வாரன்கூட இதைப் பேசி முடிவுசெய்யும் பொறுப்பை இருவரிடமே விட்டார்; கடினமான வேலைக்கு மிகுதி கேட்கலாம். தலைமைக் குமாஸ்தாவின் மணியும் கலாசியின் மணியும் ஒன்றோ என்று அலுவலகத்தில் கேட்டால் நகைப்பர். ஆனால் நள்ளிரவில் ஒருவர்க்கு மூச்சுத் திணறல் வந்தால் அவரைத் தூக்கி வண்டியிலேற்றுவதற்குக் கலாசியின் தோளே பயன்படுகிறது. தலைமைக் குமாஸ்தாவின் கையெழுத்து அன்று. ஆகவே, அண்டை வீட்டாரிடையே மிசுஷிமா அம்மையாரின் விதியே சரியென்பது நம் கருத்து.

அம்மையாரின் வழியைத் தொடர்ந்து ஜப்பானில் முதியோரைப் பேணுவதற்கென இத்தகைய அமைப்புகள் பல தோன்றின. அச்சீட்டுக்கு ஃபுரேயாய் கிப்பு என்று பெயர். கிப்பு என்பது ஜப்பானியர் புகைவண்டிப் பயணச்சீட்டுக்கு வழங்கும் சொல்லே என்றறிந்தபோது நாம் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லாமலிருக்க இயலவில்லை. பயணச்சீட்டு ஓரிடத்தில் எடுத்து வேறோரிடத்தில் இறங்குவதற்குத்தானே? அதுபோலவே, ஒருவர் தம்மூரில் ஒரு முதியவர்க்கு உதவி ஈட்டிய மணிகளை வேறூரில் வாழும் தம் பெற்றோர்க்குக் கொடுக்கவும் சில அமைப்புகள் இடம் தந்தன. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய அரசு முதியோர் பராமரிப்புக்குக் காப்பீட்டுத் திட்டம் கொண்டுவந்தபின் இதன் தேவை ஓரளவு குறைந்தது.

இதைப் படித்தபோது நாம் புத்தகத்தை மூடிவிட்டுச் சிறிது நேரம் வாளாவிருந்தோம். நம் தாயார் அரக்கோணத்தில் தனியே இருக்கிறார். இங்கு வர மறுக்கிறார். குளிர் ஆகாதாம், மொழி தெரியாதாம். நாம் விடுப்பெடுத்து கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் போய் வருவது ஆண்டுக்கு இருமுறை. இக்குடியிருப்புக்கு அடுத்த தெருவில் மராட்டியக் கிழவியார் ஒருவர் இருக்கிறார். நம் பிள்ளைகள் அவரை ஆஜி என்றழைப்பர். அவருடைய ஒரே மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். சென்ற மழைக்காலத்தில் ஆஜி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, மகன் வந்து சென்ற நாட்கள் போக, எஞ்சிய இரவுகளில் நம் துணைவியார் மருத்துவமனையில் துணையிருந்தார். பதினோர் இரவுகள். கூலிக்கு ஆள் வைத்திருந்தால் ஆஜியின் குடும்ப ஓய்வூதியத்தில் பாதி போயிருக்கும்.

சில திங்கள் கழித்து நம் தாயார்க்குக் கண்புரை அறுவை என்று நாள் குறித்தனர். நமக்கு விடுப்பு இல்லை. ஜப்பானியர் கதையை நாம் துணைவியாரிடம் சொன்னோம். "அந்தத் தம்பியைக் கேட்டால் என்னங்க?" என்றார் அவர். கேட்க நமக்கு நாணம். செய்த உதவிக்குச் சீட்டு நீட்டுவது போலாகாதா? இரண்டு நாள் தயங்கி, பின் தொலைபேசியில் கூப்பிட்டோம். நாம் முடிக்குமுன்பே அவர் எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டார்.

குமாஸ்தா புத்தி போகாது. நம் நோட்டில் ஒரு பக்கம் பதினோர் இரவு என்றும், மறுபக்கம் ஒரு பகல் என்றும் எழுதி வைத்தோம். துணைவியார் அதைக் கண்டு, "மகன் இருந்து செய்ய வேண்டியதை அந்தப் பிள்ளை செய்திருக்கிறது, அதை ஒரு பகல் என்று எழுதுவீர்களோ?" என்று கடிந்தார். அப்பக்கத்தை இன்னும் கிழிக்கவில்லை. கூட்டிக் கழிக்கவும் இல்லை.

தாயார் மறுநாள் தொலைபேசியில் பேசினார். கண் நன்றாயிருக்கிறது. அந்தப் பிள்ளைக்குத் தமிழ் சரியாக வரவில்லை. ஆனால் சொட்டு மருந்து விடும் நேரத்தையெல்லாம் தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறது. சாப்பிடச் சொன்னால் தயிர்ச்சோறு மட்டும் போதும் என்றதாம். மற்றக் கண்ணுக்கு அடுத்த மாதம் அறுவை. அவர் அதற்கும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மராட்டியர் வீட்டில் என்ன சமைப்பார்கள் என்று ஆஜியிடம் கேட்டுச் சொல்லுமாறு தாயார் நம்மைப் பணித்திருக்கிறார்.