இரண்டாவது தோட்டா வரைக்கும்

தாமஸ் கிரீன் என்றதும் ஸ்காட்டோடு அண்டார்டிகாவுக்குப் போன மாலுமியை நினைத்துவிட வேண்டாம். அவரும் அயர்லாந்துக்காரர்தான், ஆனால் வேறு ஆள். நம் கிரீன் 1873-ல் டப்ளினில் பிறந்தவர். டாக்டருக்குப் படித்தவர், ரக்பி பைத்தியம். 1894-ல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் மூன்றையும் ஒரே பருவத்தில் அயர்லாந்து முதன்முறையாகத் தோற்கடித்ததே, அந்த அணியில் இருந்தவர்.

1896-ல் பிரிட்டிஷ் அணியோடு தென்னாப்பிரிக்காவுக்கு ஆடப் போனார். ஆட்ட நாட்களில் ஷாம்பெயின் நாலு கிளாஸைத் தாண்டக் கூடாது என்று சக வீரர்களுக்கு உத்தரவு போட்டாராம்! டாக்டர் சொன்ன பத்தியம் அது. தொடர் முடிந்தும் ஊர் திரும்பவில்லை. ஜோகன்னஸ்பர்க்கிலேயே வைத்தியம் பார்க்கத் தங்கிவிட்டார். ராபர்ட் ஜான்ஸ்டன் என்ற சக வீரரும் தங்கினார்.

1899-ல் பிரிட்டனுக்கும் அங்கே குடியேறிய டச்சு வம்சாவளியினரான போயர்களுக்கும் இடையே போர் மூண்டது. டாக்டர் பட்டத்தைக் காட்டி மருத்துவப் படைக்குப் போயிருக்கலாம். கிரீனோ இம்பீரியல் லைட் ஹார்ஸ் குதிரைப்படையில் சாதாரணச் சிப்பாயாகத் துப்பாக்கி தூக்கினார். ஜான்ஸ்டனும் அதே படைதான். எலாண்ட்ஸ்லாக்தே சண்டையில் பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் வாங்கினார்.

கிரீனின் முறை 1901 டிசம்பர் 18-ல் வந்தது. அதற்குள் படையின் மருத்துவ அதிகாரியாகியிருந்தார். டைகர்க்ளூஃப் என்ற இடத்தில் போயர் தளபதி டி வெட்டின் ஆட்கள் 150 கஜ தூரத்திலிருந்து சுட்டுக்கொண்டிருக்க, விழுந்தவர்களுக்கு நடுவே உட்கார்ந்து சிகிச்சை செய்தார். தோட்டா பாய்ந்தது. நிறுத்தவில்லை. இரண்டாவது தோட்டாதான் நிறுத்தியது. பிழைக்க மாட்டார் என்றுகூட முதலில் நினைத்தார்கள். பிழைத்தார், அவருக்கும் விக்டோரியா கிராஸ்.

அயர்லாந்து கொண்டாடியிருக்க வேண்டிய கதை. ஆனால் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்த தேசியவாதிகள் போயர்களுக்காகக் கூட்டம் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஜான் மக்பிரைட் என்ற அயர்லாந்துக்காரர் போயர்கள் பக்கம் நின்றே ஒரு படையை நடத்தினார். டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக நடந்த 1916 எழுச்சிக்குப் பிறகு பிரிட்டிஷார் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மக்கள் மனதில் தியாகியானவர் அவர். பிரிட்டிஷ் பதக்கம் அணிந்த கிரீனுக்கு அந்த இடம் எப்படிக் கிடைக்கும்?

முதல் உலகப் போரிலும் மருத்துவப் படையில் பணியாற்றி இன்னொரு விருது பெற்றார். பிறகு உடம்பு ஒத்துழைக்கவில்லை, பணமும் கையில் நிற்கவில்லை. 1923 மார்ச் 25-ல் லண்டனில் சர்க்கரை நோயால் இறந்தார்; வயது 49. கனடாவின் டொரண்டோ நகரில் அந்த நோய்க்கான இன்சுலின் ஊசி முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் போடப்பட்டு அப்போது 14 மாதம்தான் ஆகியிருந்தது.

(தொடரும்)