கீறல் விழுந்தால் போர்டே போய்விட்டதா?



நம் சேலம், நாமக்கல் ஊர்களில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு, "பாத்திரத்துக்கு ஈயம் பூசறது..." என்று தெருவில் கேட்ட குரல் நினைவிருக்கும். துருத்தியால் கரி அடுப்பை ஊதி, பித்தளைப் பாத்திரத்தைச் சூடாக்கி, நவச்சாரம் தூவி, துணியால் தேய்த்து, உருகிய வெள்ளீயத்தை உள்ளே பரவவிடுவார்கள். நவச்சாரம் களிம்பை நீக்கும். களிம்பு நீங்கினால்தான் ஈயம் பிடிக்கும். களிம்பு எடுப்பது, ஈயம் ஏற்றுவது என்ற இதே இரண்டு வேலைகள்தான் இன்று கணினி போர்டைப் பழுது பார்க்கும் மேசையிலும் நடக்கின்றன. நவச்சாரத்தின் இடத்தில் பைன் மரப் பிசினால் ஆன பிளக்ஸ் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இதை எழுதக் காரணம் உண்டு. பழைய மாணவி ஒருவரின் மகன் மடிக்கணினியைக் கழற்றும்போது ஸ்குரூடிரைவர் வழுக்கி, மதர்போர்டில் ஒரு கோடு விழுந்துவிட்டது. கடையில், "போர்டு போச்சு, புதுசுதான் போடணும்" என்றார்களாம். கேட்ட தொகை அந்த வீட்டின் ஒரு மாத வருமானம். அந்தக் கோடு எதன் மேல் விழுந்தது என்று யாரும் பார்க்கவில்லை. அதைப் பார்க்க வேண்டுமானால் போர்டின் வரலாறு கொஞ்சம் தெரிய வேண்டும்.

வால்வு ரேடியோ காலத்தில் போர்டே கிடையாது. இரும்புத் தட்டின் அடியில் ஒவ்வொரு பாகத்தையும் கம்பியால் கையாலேயே இணைத்தார்கள். கம்பி அறுந்தால் கண்ணுக்குத் தெரியும், பற்றவைத்தால் போதும். இந்த முறையை மாற்றியவர்களில் முக்கியமானவர் பால் ஐஸ்லர். 1907இல் வியன்னாவில் பிறந்த யூதப் பொறியாளர். 1936இல் இங்கிலாந்துக்கு வந்து, செம்புத் தகட்டில் கோடுகளை அச்சிட்டு ஒரு ரேடியோவைச் செய்து காட்டினார். கம்பி இணைக்கும் பெண்களின் கூலி இதைவிட மலிவு என்று ஒரு நிறுவனம் திருப்பி அனுப்பியதாகச் சொல்வார்கள். போர் வந்ததும், எதிரி நாட்டுக்காரர் என்று சிறிது காலம் அடைத்தும் வைத்தார்கள். வெளியே வந்தபின் இசைக் குறிப்புகளை அச்சிடும் ஒரு நிறுவனத்தில் சேர்ந்து வேலையைத் தொடர்ந்தார். 1943இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதே போரில் அமெரிக்கர்கள் பீரங்கிக் குண்டுகளின் மின்னணுத் திரிக்கு அச்சிட்ட மின்சுற்றைப் பயன்படுத்தினார்கள். போர் முடிந்து 1948இல்தான் அந்த நுட்பம் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது.

ஆக, போர்டு என்பது அச்சு வேலை. கண்ணாடி இழைப் பலகையின் மேல் செம்புத் தகடு. அதன் பருமன் வழக்கமாக 35 மைக்ரான், நம் தலைமுடியில் ஏறத்தாழப் பாதி. வேண்டாத செம்பை ரசாயனத்தால் கரைத்துவிட்டால் கோடுகள் மட்டும் நிற்கும். அதன் மேல் பூசிய பாதுகாப்புப் பூச்சுதான் நாம் காணும் பச்சை நிறம்.

இப்போது கீறலுக்கு வருவோம். அது மூன்று விதம்.

முதலாவது, பச்சைப் பூச்சு மட்டும் உரிந்து செம்பு பளபளவென்று தெரிவது. கணினி ஓடும். ஆனால் வியர்வையும் ஈரக் காற்றும் பட்டால் செம்பில் களிம்பு ஏறி, நாளடைவில் கோட்டை அரித்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்து, பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த மென்மையான பிரஷால் துடைத்து, உலர்ந்ததும் மேலே புதிய பூச்சு போட்டால் முடிந்தது. புற ஊதா விளக்கில் இறுகும் பச்சைப் பூச்சு சிறு குழாயில் கிடைக்கிறது.

இரண்டாவது, செம்புக் கோடே அறுபட்டது. மல்டிமீட்டரைக் கோட்டின் இரு பக்கமும் வைத்தால் 'பீப்' சத்தம் வராது. இரு முனைகளிலும் பூச்சைச் சுரண்டி, பிளக்ஸ் தடவி, ஈயம் ஏற்றி, முடி போன்ற எனாமல் கம்பியைப் பாலமாகப் பற்றவைத்து மூட வேண்டும். சிக்குக் கோலத்தில் கால் பட்டு ஒரு இழை அழிந்தால் அந்த இழையை மட்டும் இழுத்துச் சேர்ப்போமே, அது போல. பக்கத்துக் கோட்டோடு ஒட்டாமல் பார்த்துக்கொள்வதில்தான் கை சுத்தம் தெரியும்.

மூன்றாவது, ஆழமான வெட்டு. மதர்போர்டில் செம்புக் கோடுகள் பல அடுக்குகளாக இருக்கும். உள்ளடுக்கு வெட்டுப்பட்டிருந்தால் பெரும்பாலும் புது போர்டுதான் வழி. ஆனால் இது எத்தனை பேருக்கு நேர்கிறது? மேலோட்டமான கீறலுக்கும் இதே தீர்ப்பைச் சொல்வதுதான் எனக்கு வருத்தம்.

நம் வீடுகளுக்குள் இந்தப் போர்டுகள் வந்ததில் அரசுத் திட்டங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2006 செப்டம்பர் 15இல் இலவச வண்ணத் தொலைக்காட்சி, 2011 செப்டம்பர் 15இல் விலையில்லா மடிக்கணினி. அதற்கு முன் கணினியைத் தொட்டே பார்க்காத குடும்பங்களின் கைக்கும் அது வந்தது. இன்று தறி, கோழிப் பண்ணை, கிணற்று மோட்டார், லாரி என்று நம் பக்கத்துப் பிழைப்புகள் எல்லாவற்றிலும் ஒரு போர்டு உட்கார்ந்திருக்கிறது.

சட்டமும் மெதுவாகப் பழுது பார்ப்பவர் பக்கம் வருகிறது. மின்னணுக் கழிவு விதிகள் 2012 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தன. 'பழுது பார்க்கும் உரிமை' இணையதளத்தை மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24இல் தொடங்கியது. தயாரிப்பாளர்களின் பழுது நீக்கும் விவரங்களை அதில் பார்க்கலாம்.

அந்தப் பையனின் மடிக்கணினியை ராசிபுரத்தில் கடை வைத்திருக்கும் நம் இன்னொரு மாணவரிடம் அனுப்பச் சொன்னேன். பூதக்கண்ணாடியில் பார்த்ததில் இரண்டு கோடுகள் அறுந்திருந்தன. ஒரு மதிய வேளை வேலை. பையன் அதில்தான் இப்போது பரீட்சைக்குப் படிக்கிறான்.

பிள்ளைகளே, இனி யாராவது "போர்டு போச்சு" என்றால் சண்டை போட வேண்டாம். "எந்தக் கோடு அறுந்திருக்குங்க? மீட்டர் வெச்சுப் பாத்தீங்களா?" என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் கொடுங்கள். உங்களில் இந்த வேலை தெரிந்தவர்கள் ஊர்ப் பெயரோடு கீழே எழுதுங்கள், மற்றவர்களுக்கு உதவும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்