தனித்தொகுதியும் நடுநிலையும்

எங்கள் சங்கரன்கோவில் தனித்தொகுதி. தேர்தல் வந்தால் தெருவில் படித்த பையன்கள் சண்டை போடுவார்கள்: “நம்ம எம்.எல்.ஏ. முற்போக்கா, நடுநிலையா?” திண்ணையிலிருந்து ஒரு தாத்தா சொல்வார்: “செயிக்க ஊர்க்காரன் ஓட்டும் வேணும்ல. பெறவு எப்படிடே வாயத் தொறப்பான்?”

தாத்தா சொல்வது 1932இன் கதை. வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் தனி வாக்காளர் தொகுதி கேட்டார்கள். நம் பிரதிநிதியை நாம் மட்டுமே தேர்ந்தெடுப்பது அது. சென்னை எம்.சி. ராஜாவோ கூட்டு வாக்காளர் முறையை ஏற்று, இந்து மகாசபையின் மூஞ்சேயுடன் ஒப்பந்தம் போட்டார். ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு தனி வாக்காளர் தொகுதியை அறிவித்தது. காந்தி எரவாடா சிறையில் பட்டினி கிடந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் வந்தது. மாகாண சபைகளில் 148 இடம் கிடைத்தது. ஆனால் கடைசி ஓட்டு எல்லாச் சாதிக்கும் போனது.

இணக்கத்தை நம்பிய ராஜா 1938இல் சென்னை சட்டசபையில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜியின் காங்கிரஸ் அரசு ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது.

ஆக, ‘நடுநிலை’ என்பது நம்மாளின் குணம் என்று மட்டும் திட்டிவிட முடியாது. ஓட்டுக் கணக்கு அவரை அங்கே உட்காரவைக்கிறது. முற்போக்குக் கட்சிக்காரர் நின்றாலும் கணக்கு அதேதான். லேபிளை விடுங்கள். வெட்டு, குத்து, வன்கொடுமை வழக்கு என்று வரும்போது அவர் யாருக்குப் பதில் சொல்கிறார்? அதைக் கேட்போம்.