மனவடுவை அளக்கும் நேர்காணல்: கேப்ஸ்-5 பற்றிய ஓர் ஆய்வு

1. பின்னணி

பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மூன்றாம் நோயறிதல் கையேட்டில் இடம்பெற்றது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் அவதி அதற்கு முக்கியக் காரணம். பெயர் கிடைத்த பிறகு, அந்த நோய் யாருக்கு இருக்கிறது, எவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று எல்லா மருத்துவரும் ஒரே முறையில் கண்டறிய வேண்டியிருந்தது. அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறையில் இந்நோய்க்கென உள்ள தேசிய மையத்தைச் சேர்ந்த டட்லி பிளேக், ஃபிராங்க் வெதர்ஸ், டெரன்ஸ் கீன் முதலானோர் அதற்காக உருவாக்கிய நேர்காணல்தான் கேப்ஸ். 2013இல் வெளியான ஐந்தாம் கையேட்டுக்கு ஏற்பத் திருத்தப்பட்ட வடிவம் கேப்ஸ்-5.

2. கேட்கும் முறை

நேர்காணலில் 30 வினாப்பகுதிகள் உள்ளன. முடிக்க 45 முதல் 60 நிமிடம் ஆகும். முதலில் ஒரு நிகழ்வு அடையாளம் காணப்படுகிறது. அதைச் சுருக்கமாகச் சொன்னால் போதும் என்று மருத்துவர் தொடக்கத்திலேயே தெரிவித்துவிடுகிறார். நோயறிய வந்தவரிடம் முழுக் கதையையும் கறப்பது கொடுமை. அளவீட்டுக்கு அது தேவையும் இல்லை.

அடுத்து 20 அறிகுறிகள். இந்த முறையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. கெட்ட கனவை எடுத்துக்கொள்வோம். "கனவு வருகிறதா?" என்பதோடு கேள்வி நிற்பதில்லை. எப்படிப்பட்ட கனவு, விழித்துக்கொள்கிறீர்களா, மறுபடி தூங்க எவ்வளவு நேரம் ஆகிறது, கடந்த மாதத்தில் எத்தனை முறை என்று தொடர்கிறது. எத்தனை முறை, எவ்வளவு தீவிரம் என்ற இரண்டையும் சேர்த்தே 0 முதல் 4 வரை ஒரே மதிப்பெண் தரப்படும். குறைந்தது 2 வந்தால்தான் அறிகுறி இருப்பதாகக் கொள்ளப்படும். கனவு மாதம் இருமுறையாவது வந்திருக்க வேண்டும். தீவிரமும் தெளிவாகப் புலப்பட வேண்டும்.

நோயாளியே நிரப்பும் வினாத்தாள்கள் விரைவானவை, பயனுள்ளவை. ஆனால் "மிகவும்" என்ற கட்டத்தில் ஒருவர் இடும் குறியும் மற்றவர் இடும் குறியும் ஒன்றல்ல. எடுத்துக்காட்டு கேட்டுப் பெறும்போதுதான் அடக்கிப் பேசுபவரின் துன்பமும் கணக்கில் வருகிறது. இந்தக் கறாரான ஒழுங்கை இயந்திரத்தனம் என்று குறைகூறுவோர் உண்டு. என் கருத்து நேர்மாறானது: மருத்துவரின் அனுமானம் நோயாளியின் சொல்லை விழுங்கிவிடாமல் காப்பது இந்த ஒழுங்குதான்.

தூக்கமின்மை, எரிச்சல், எதிலும் நாட்டமின்மை ஆகியவை மனச்சோர்விலும் வரக்கூடியவை. எனவே அவை அந்த நிகழ்வோடு தொடர்புடையவையா என்று தனியே வினவி, உறுதி, பெரும்பாலும் ஆம், வாய்ப்புக் குறைவு என்று குறிக்க வேண்டும்.

3. கூட்டலும் நோயறிதலும்

மொத்த மதிப்பெண் 0 முதல் 80 வரை. ஆனால் நோயறிதல் மொத்தத்தைப் பார்த்து நடப்பதில்லை. மீள்நினைவுப் பிரிவில் ஒன்று, தவிர்த்தலில் ஒன்று, எண்ணம் மற்றும் மனநிலை மாற்றத்தில் இரண்டு, மிகைவிழிப்பில் இரண்டு எனக் குறைந்தபட்ச அறிகுறிகள் அமைய வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து, வாழ்வைப் பாதிக்கவும் வேண்டும். மற்ற மூன்று பிரிவுகளிலும் உச்ச மதிப்பெண் பெற்று 72ஐத் தொட்டவரும், தவிர்த்தல் இல்லையென்றால் நோய்வரையறைக்குள் வரமாட்டார்.

தவிர்த்தல்தான் எளிதில் நழுவிப்போகும் அறிகுறி. 2004 சுனாமிக்குப் பிறகு கடல்தொழிலை விட்டு உள்நிலப் பக்கம் கூலிக்குப் போய்விட்ட ஒருவரை நினைத்துப் பாருங்கள். "கடலைப் பார்த்தால் பயமா?" என்றால் "இல்லையே" என்பார். அவர் கடலைப் பார்ப்பதே இல்லை. "கரைக்குப் போய் எவ்வளவு நாளாச்சு? போகவேண்டி வந்தால் என்ன செய்வீங்க?" என்று கேட்கத் தெரிந்த மருத்துவருக்கே அது பிடிபடும்.

4. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு கேள்வி

இலங்கை உள்நாட்டுப் போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், அங்குள்ள மக்களின் துயரம் பெரும்பாலும் உடல் முறைப்பாடாக வெளிப்படுவதை எழுதியிருக்கிறார். "நெஞ்சு படபடக்குது", "உடம்பெல்லாம் உளையுது" என்றுதான் பேச்சு தொடங்கும். கேப்ஸ் இதற்கு முற்றிலும் கதவடைக்கவில்லை. நினைவூட்டும் ஒன்றைக் கண்டதும் உடலில் எழும் எதிர்வினை அதன் 20 அறிகுறிகளில் ஒன்று. "எப்ப படபடக்குது? ஹெலிகொப்டர் சத்தம் கேட்டாலோ?" என்று உடலிலிருந்து நிகழ்வுக்கு நடந்து போகலாம். வலியை முதலில் மதிக்காமல் நேரே கனவைப் பற்றிக் கேட்டால், எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வார்.

சோமசுந்தரம் வலியுறுத்திய மற்றொன்று இதைவிடக் கடினமானது: போர் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே உடைக்கிறது. கேப்ஸ் ஒரு மனிதரை ஒரு நிகழ்வோடு இணைத்துப் பார்க்கிறது. பலமுறை இடம்பெயர்ந்து, உறவுகளை ஒவ்வொருவராக இழந்து, காணாமல் போன மகனுக்காக இன்னும் காத்திருக்கும் தாயிடம் எந்த நிகழ்வைத் தேர்ந்தெடுப்பது? மோசமானதைச் சொல்லுங்கள் என்று அவரிடமே விடலாம், மதிப்பெண்ணும் கிடைக்கும். பிரிந்துபோன அயலும் நின்றுபோன கோயில் திருவிழாவும் அந்தத் தாளில் ஏறாது. அவற்றைக் குடும்பத்தோடும் ஊரோடும் அமர்ந்து தனியே கேட்டுப் பதிய வேண்டும். அந்தப் பதிவு மதிப்பெண்ணோடு ஒரே கோப்பில் இருக்க வேண்டும்.