சப்பை மூக்கனும் நம்ம வாபிடியும்

பொங்கலுக்கு போடி போயிருந்தேன். மாமாவோட ஏலக்காய் ஸ்டோர் வாசல்ல உட்கார்ந்து பேசினா, பேச்சு எப்படியோ 2018 மார்ச் குரங்கணி காட்டுத்தீயில வந்து நின்னுச்சு. மலைக்கு மேல விமானப்படை ஹெலிகாப்டர் சுத்தினத மாமா இன்னும் மறக்கல. "ஏன் மாப்ள, இந்த ஏர்ஃபோர்ஸ் வெள்ளைக்காரன் காலத்துலயே இருந்துச்சா?"ன்னார்.

இருந்தது. நாலே நாலு விமானத்தோட!

1932 அக்டோபர் 8-ல் பிறந்த இந்திய விமானப்படையின் முதல் பிரிவு, 1933 ஏப்ரல் 1-ல் கராச்சி டிரிக் ரோட்டில் தொடங்கியது. கையில் கிடைத்தது வெஸ்ட்லேண்ட் வாபிடி. இரட்டை இறக்கை, ஒற்றை எஞ்சின், திறந்த காக்பிட். முதல் உலகப்போர் காலத்து டி.ஹெச்.9ஏ விமானத்தின் உதிரி பாகங்கள் கிடங்கில் குவிந்து கிடந்ததால், அதையெல்லாம் முடிந்தவரை பயன்படுத்தணும் என்ற நிபந்தனையோடு வடிவமைத்த விமானம். பழைய கோடை ஒட்டுப்போட்டு புது வெர்ஷன்னு தள்ளிவிடுவோமே, அதே கதை :-)

அதே 1933 அக்டோபரில் சோவியத் நாட்டில் பறந்தது போலிகார்பவின் ஐ-15. அதுவும் இரட்டை இறக்கைதான். ஆனா நாலு மெஷின் கன், மணிக்கு 350 கி.மீ. வேகம். வாபிடிக்கு சுமார் 215. (வாபிடி சண்டை விமானமே இல்லை, எல்லா வேலைக்கும் ஒரு வண்டி. ஒப்பீடு அநியாயம்தான்.) போலிகார்பவ் 1929-ல் கைதாகி, மரண தண்டனை பெற்று, சிறைக்குள்ளேயே ஐ-5 விமானத்தை வடிவமைத்த ஆள்! 1936-ல் ஐ-15 ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்குப் போனபோது, குடியரசுக்காரர்கள் வைத்த செல்லப்பெயர் 'சாட்டோ', அதாவது சப்பை மூக்கன்.

நம்ம பக்கம் முதலில் இருந்த இந்திய விமானிகள் ஐந்து பேர். அதில் பூபிந்தர் சிங், அமர்ஜித் சிங் ரெண்டு பேரும் 1933-லேயே வாபிடி விபத்தில் இறந்துட்டாங்க. மிஞ்சியவர்களில் ஒருவரான சுப்ரதோ முகர்ஜிதான் 1954-ல் விமானப்படையின் முதல் இந்தியத் தளபதி. நடுவில் வஜீரிஸ்தானில் பழங்குடிகள் மேல் வெள்ளைக்காரனுக்காக வாபிடியை ஓட்டினாங்க. அதைப் பெருமையா எழுத எனக்குக் கை வரல.

1939 கடைசியில், உலகமே ஸ்பிட்ஃபயர் பக்கம் போனப்ப, சென்னையில் கடலோரப் பாதுகாப்புப் பிரிவு ஆரம்பிச்சாங்க. கொடுத்தது? அதே வாபிடி. தன்னார்வ விமானிகள் வங்கக்கடலுக்கு மேல் கப்பல்களுக்குக் காவலா பறந்தாங்க.

"ஒத்த எஞ்சின வச்சுக்கிட்டு கடலுக்கு மேலயா?"ன்னு கேட்டுட்டு, ஸ்டோர் அடுப்புல விறகு தள்ள எந்திரிச்சுப் போனார் மாமா.